சத்தம் போடாத பிரேக்

மழைநாளின் வெளிச்சம் பட்டறைக் கூரைக் கண்ணாடி வழியே சாம்பலாக இறங்குகிறது. முதலாளி வருகிறாரென்று தரைக்கும் தூணுக்கும் குப்பைத்தொட்டிக்கும்கூடப் புதுப் பெயின்ட். கிரேனின் பிரேக் மட்டும் கிறீச்சிட்டு மானத்தை வாங்குகிறதே என்று, காலையில் அதன் பட்டையில் எண்ணெய் விடச் சொன்னவர் மேலாளர். "உராய்ஞ்சாதான் சார் அது பிடிக்கும்" என்று ஃபிட்டர் இழுத்தார். "நாலு சொட்டுல குடி முழுகிடாதுய்யா." ஃபிட்டரே விட்டார், தாராளமாக. இப்போது முதலாளி வந்து பார்த்து நிற்க, டன் கணக்கில் கனக்கும் கியர் பெட்டி கிரேனில் தொங்குகிறது. அதனடியில் ஃபிட்டரின் மச்சான் குந்தியபடி, பெட்டியை இறக்கிவைக்க மரக்கட்டை அடுக்குகிறான். யாரும் சுவிட்சைத் தொடவில்லை. பெட்டி ஒரு விரற்கடை இறங்குகிறது. "மாப்ள, வெளிய வா." "இருங்க மாமா, இங்கதான் மேனேஜர் மூஞ்சி தெரியாம நிம்மதியா இருக்கு." "விளையாடாதடா. உங்கக்காவுக்கு என்னால பதில் சொல்ல முடியாது." நிறுத்தும் பொத்தானை அழுத்தி அழுத்தி ஃபிட்டரின் கட்டைவிரல் வெளுக்கிறது. மேலாளர் முதலாளியின் காதருகே குனிகிறார். "கேட்டீங்களா சார்? சத்தமே இல்ல." முதலாளி கச்சேரி கேட்பவரைப் போலத் தலையைச் சாய்க்கிறார். உண்மைதான், ஒரு சத்தமும் இல்லை. பெட்டி இன்னொரு விரற்கடை இறங்குகிறது. மச்சான் இன்னும் அதனடியில்தான் இருக்கிறான்.