பூக்காத நிலாக்கொடி

"விதைக்கு நகம் வெட்டி விடுற மருமகளை எந்த ஊர்லயாவது கேள்விப்பட்டிருக்கியா?"

தொலைபேசியில் தங்கையிடம் கேட்டுவிட்டுச் சிரித்தாள் சம்னியங். தங்கை தெற்கே சொங்க்லாவில், கடலோரத்தில் இருக்கிறாள். சம்னியங்கும் அங்கே மீன் விற்றுப் பிழைத்தவள்தான். மூட்டுவலி முற்றியதும் மகன் நரோங் தன்னோடு வடகிழக்கே, கடலே இல்லாத கோன் கேனுக்கு அழைத்து வந்துவிட்டான். வந்த நாளிலிருந்து மருமகள் வாஸனாவை மட்டம் தட்டுவதுதான் அவளுக்குப் பொழுதுபோக்கு.

வாஸனா செய்தது இவ்வளவுதான். நிலாப்பூ விதைகள் கல்லாக இறுகிக் கிடந்தன. நகவெட்டியால் ஒவ்வொன்றின் ஓரத்தையும் லேசாகக் கிள்ளி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப் போட்டாள். இருட்டிய பிறகு மலர்கிற பூ, அகலமாக, வெள்ளை வெளேரென்று இருக்கும் என்றாள்.

"ராத்திரி பூத்து யாருக்குக் காட்டப் போகுது, திருடனுக்கா?" என்றாள் மாமியார்.

விதை முளைத்தது. கொடி வேலியைப் பிடித்து மளமளவென்று கூரை வரை ஏறியது. தோட்டத்துப் படிகளில் இறங்க முடியாத சம்னியங், தொலைக்காட்சித் தொடர் முடிந்ததும் சன்னல் வழியாக எட்டிப் பார்ப்பாள். எந்த இரவிலும் இலையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அவளுக்கு அது தேன் குடித்த மாதிரி இருந்தது.

மருமகள் சமையலை அவள் தொடுவதில்லை. வந்த புதிதில் உப்பில் ஊறிப் புளித்த மீனைப் போட்டு அந்த ஊர்க்காரர்கள் வைக்கும் குழம்பை முகர்ந்து பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளியவள்தான். அதன் பிறகு நரோங்தான் வேலை முடிந்து வரும்போது, சந்தையிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட பிளாஸ்டிக் பைகளில் சாப்பாடு வாங்கி வருவான். அதிலும் பாதியை ஒதுக்கிவிட்டு எலும்பும் தோலுமாகிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளாக அவன் கொண்டுவரும், பூண்டு தட்டிப் போட்டுச் சிப்பிச் சாறு ஊற்றிய ஒரு பச்சை வதக்கலுக்கு மட்டும் இரண்டாம் முறை சோறு கேட்டாள்.

"அந்தச் சந்தைக்காரி கையிலேருந்து ஒரு விரலையாவது வாங்கிட்டு வந்து உன் பொண்டாட்டிக்கு ஒட்ட வைடா" என்று மருமகள் காதுபடச் சொல்வாள். வாஸனா தட்டை எடுத்துக்கொண்டு போவாள்.

லோய் கிரதோங் திருவிழா நெருங்கியது. ஊரெல்லாம் வாழை மட்டையில் பூச்செருகி, ஆற்றில் மிதக்கவிடத் தெப்பம் கட்டிக்கொண்டிருந்தார்கள். சம்னியங்கின் நாக்குக்கு அதுவே போதுமாக இருந்தது.

"தெப்பத்துல செருக ஒரு பூவுக்கு வழியில்ல. பூக்காத கொடியை வளக்குறவ வீட்டுல தொட்டில் எங்கேருந்து ஆடும்? நாளைக்கே வெட்டிப் போட்டுட்டுப் பாகல் போடுறேன் பார்."

வாஸனாவின் முகம் சுருங்கிவிட்டது. கல்யாணமாகி ஆறு வருடமாகக் கேட்கிற பேச்சுதான், இருந்தாலும் வலிக்காமலா இருக்கும்?

"பூக்காட்டியும் இருந்துட்டுப் போகட்டும்மா. வெட்டிடாதீங்க" என்று மட்டும் கெஞ்சினாள்.

கெஞ்சினால் விடுகிறவளா சம்னியங்? மறுநாள் இருவரும் வேலைக்குப் போனதும், கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். மூட்டு கெஞ்சியும் கேட்கவில்லை. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடித்தண்டை அரிவாளால் ஒரே வெட்டு. பிறகு தங்கையைக் கூப்பிட்டுப் போரில் ஜெயித்த கதையாகச் சொல்லி முடித்தாள்.

சாயங்காலம் வாஸனா வாடிய கொடியின் முன்னால் நின்றுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். இரவு நரோங் அம்மாவின் தட்டில் அவித்த முட்டையையும் வெறும் சோற்றையும் வைத்தான்.

"அந்தப் பச்சை வதக்கல் எங்கடா?"

"இனிமே கிடைக்காதும்மா."

"ஏன், சந்தைக்காரி கடையை மூடிட்டாளா?"

சொல்ல வேண்டாம் என்று அடுப்படி வாசலில் நின்று தலையசைத்தாள் வாஸனா. நரோங் கேட்கவில்லை.

"அந்தச் சந்தைக்காரி இவதாம்மா. தன் சமையல்னு தெரிஞ்சா நீ தொடமாட்டேன்னு, ரப்பர் பேண்டு போட்டுப் பையில கட்டி, நான் வந்து வாசல்ல நிறுத்துற வண்டியில மாட்டி விடுவா. தினமும் சாயங்காலம் விரியறதுக்கு முன்னால உனக்காகக் கிள்ளி வதக்கினது அந்தக் கொடியோட மொட்டைத்தான்."