பெருக்காத காடு

தானா ஏரிக்கரையின் வட்டவடிவக் கிறித்தவக் கோயிலைச் சூழ்ந்த சிறு காட்டில், சாம்பிராணிப் புகையினூடே காலை ஒளி பாலெனக் கசிகிறது. திருவிழாவுக்காகச் சருகுகளைப் பெருக்கத் துடைப்பத்துடன் வந்த குரு வோல்தேயை, வன ஆய்வாளர் மஸ்தேவால் வழிமறித்து நிற்கிறாள். “இப்படிக் குப்பையா கெடந்தா பக்கத்து ஊர்க்காரன் சிரிப்பான் தாயி. உன் படிப்புல தொடப்பமே கெடையாதா?” “இது குப்பையில்ல சாமி. பெருக்கிட்டீங்கன்னா இந்தக் காட்டுக்கு வாரிசே இருக்காது.” அவள் குனிந்து சருகுகளை மெல்ல விலக்குகிறாள். விரல்நுனி அளவேயான ஆலிவ் கன்றொன்று பனித்துளியைச் சுமந்தபடி நடுங்குகிறது. எங்கோ தேனீக்கள் முரல்கின்றன. “இத்தன சின்னதாவா ஆண்டவரு படைச்சிருக்காரு,” என்று குரு முணுமுணுக்கிறார். பின்பு, கோயில் வாசலில் கழற்றவேண்டிய செருப்புகளை அவர் இங்கேயே, சருகுகளின் விளிம்பிலேயே கழற்றி வைக்கிறார்.