பிளேன் போகட்டும்

மேஜைமேல் இரண்டு கார்டுகள். நகைக்கடைக்காரன்போல ஷாகுல் அவற்றை உறையிலிருந்து எடுத்து சாஹிராவின் முன்னால் வைத்தான்.

மேற்குத் தாம்பரத்தில், மாடிப்படிக்குக் கீழே இருந்த கம்ப்யூட்டர் கடை அது. 2003. வீட்டில் கம்ப்யூட்டருக்கு உறை தைத்துப் போட்டு மூடிவைத்த காலம். பொழிச்சலூரிலிருந்து சி.பி.யு.வைப் பெட்ஷீட்டில் சுற்றி, ஆட்டோவில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தாள் சாஹிரா. கூட அவள் தம்பி அக்தர், கையில் ஒரு வீடியோ கேசட்.

மகள் இரமின் முதல் பிறந்தநாள் கேசட். பீரோவில் கிடந்து பூஞ்சை பிடித்திருந்தது. ஷாகுல் அதன் மூடியைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். ஒரு தடவை ஓடும், அடுத்த தடவைக்குத் தான் பொறுப்பில்லை என்றுவிட்டான். அந்த ஒரு தடவைக்குள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றியாக வேண்டும். அதற்குத்தான் இந்தக் கார்டு.

"இத எடுத்துக்கக்கா. படம் கண்ணாடி மாறி வரும், சவுண்டு மட்டும் ஏறாது. அதுல சவுண்டு ஏறும், படம் கொஞ்சம் கலங்கலா கீது."

அக்தருக்கு இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. இரண்டு கம்ப்யூட்டர் பத்திரிகை படித்துவிட்டதிலிருந்து அவனைப் பிடிக்க முடியாது. முதல் கார்டையே வாங்கச் சொன்னான். சவுண்டு போனால் என்ன? கல்யாணமோ காதுகுத்தோ, வீடியோவில் இருக்கிற பேச்சையெல்லாம் அழித்துவிட்டுச் சினிமாப் பாட்டுப் போடுவதுதானே ஊர் வழக்கம்.

சாஹிரா இரண்டாவது கார்டை எடுத்தாள்.

"பாப்பா மொகம் தெளிவா வேணாமாக்கா?" அக்தர் விடவில்லை.

"பாப்பா தெனமும் கண்ணு முன்னாடிதானடா இருக்கா."

ஷாகுலுக்கென்ன, மாட்டிவிட்டான். கேசட் ஓடத் தொடங்கியது.

படம் கலங்கல்தான். ஆனாலும் எல்லோரும் இருந்தார்கள். மாமியார், பக்கத்து வீட்டுக்காரர்கள், கேக்கையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள். நடுவில் ஆரஞ்சுப் புடவையில், இடுப்பில் குழந்தையோடு, இளைத்த உடம்புக்காரி ஒருத்தி. அது தான்தான் என்று சாஹிராவுக்கே நம்ப முடியவில்லை. அவள் கேமராவைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

அந்த நேரம் பார்த்து விமானம் வந்தது.

பொழிச்சலூரில் விமானம் மொட்டைமாடியை உரசுகிறாற்போல்தான் இறங்கும். அந்த ஊர்க்காரர்கள் பேச்சைப் பாதி வார்த்தையில் நிறுத்திவிட்டு, அது போனபிறகு மீதிப் பாதியிலிருந்து தொடர்வார்கள். திரையில் எல்லோரும் அப்படியே நின்றார்கள்.

"இன்னாக்கா, ஒரே பேஜாரா கீது." ஷாகுல் சத்தத்தைக் குறைக்கப் போனான். சாஹிரா மவுஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

இரைச்சல் மெல்ல அடங்கியது. கேமராவுக்குப் பின்னாலிருந்து ஓர் ஆண்குரல் கேட்டது.

"ம், பிளேன் போயிருச்சு. இப்பச் சொல்லு சாஹிரா."

அக்தர் நிமிர்ந்தான். "மச்சான்," என்றான், தனக்கே கேட்காத குரலில்.

ஷார்ஜாவிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த கேமராவை யாரையும் தொடவிடாமல் தானே பிடித்துக்கொண்டு அலைந்தார் மனுஷர். அதனால் அவர் எந்தக் காட்சியிலும் இல்லை. லீவு முடிந்து போனவரை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். முகத்துக்கு வீட்டில் போட்டோ இருக்கிறது. குரலுக்கு இந்தக் கேசட்டை விட்டால் வேறில்லை.

திரையில் இருந்த சாஹிரா வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். ஒன்றும் சொல்லவில்லை.

கடையில் இருந்த சாஹிராவுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. வாயெடுத்தாள். பிளேன் இன்னும் போகாததுபோல அப்படியே நின்றாள்.