4f0c9e1-இல் செண்பகவல்லி

கணினியில் அந்தப் பதிவை அவர் மூன்றாம் முறையாகத் திறந்து பார்த்தார்.

மாறவில்லை. அவருடைய சொந்தப் பெயர்தான்.

அந்த அலுவலகத்தில் மென்பொருள் நிரலில் யார் எதை மாற்றினாலும் கணினி அதற்கு ஓர் எண் போட்டு, பக்கத்தில் பெயரையும் எழுதிவிடும். எழுத்தும் கலந்த நீளமான எண். முதல் ஏழு எழுத்தைச் சொன்னால் போதும், அப்புறம் பேச்சுக்கே இடமில்லை. அங்கே வேலை பார்த்த ஒருவர், பெண் பார்க்கப் போன இடத்தில் தன்னைப் பற்றிக் கேட்டதற்கு மூன்று எண்களைச் சொல்லிவிட்டு வந்தார். பெண் வீட்டார் ஜாதகம் என்று குறித்துக்கொண்டார்கள்.

போன சித்திரையில், அவர்கள் நிரலை நம்பி ஓடிய குளிர்கிடங்கு ஒன்று சூடாகிவிட்டது. நாலு லாரி ஐஸ்கிரீம் பாயசமானது. அந்தத் தெரு நாய்கள் மூன்று நாள் வேறெதையும் வாயில் வைக்கவில்லை.

விசாரிக்கும் பொறுப்பு அவருடையது. கோளாறான வரியைக் கடைசியாகத் தொட்டது யார் என்று கணினியைக் கேட்டார்.

4f0c9e1. செண்பகவல்லி.

அறிக்கையில் அந்த எண்ணை மட்டும்தான் எழுதினார். மிச்சத்தை மேலே இருந்தவர்கள் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் அவளுக்கு வேலை இல்லை.

"நான் இடைவெளியத்தான் சார் சரி பண்ணேன்," என்றாள், பையை மாட்டிக்கொண்டே.

"எண் பொய் சொல்லாதும்மா."

சொல்லவில்லைதான்.

எட்டு மாதம் கழித்து இன்று, வேறெதற்கோ அதே வரிக்கு வந்தவர், 4f0c9e1-ஐ முதல்முறையாகத் திறந்தார். வரிக்கு முன்னால் நான்கு வெற்றிடம் சேர்த்திருந்தாள். அவ்வளவுதான்.

அதற்கு முந்தைய மாற்றத்தில் குளிரின் அளவைத் தப்பாகப் போட்டது b72d03a.

அவர்.

பிறகு நிரலில் ஓர் எழுத்தையும் தொடாமல், குறிப்பு மட்டும் எழுதி வெறும் பதிவு ஒன்று போட்டார்.

'ஐஸ்கிரீம் உருகியது என் தவறு. செண்பகவல்லிமேல் குற்றமில்லை.'

கணினி அதற்கும் ஓர் எண் கொடுத்தது. அந்த எண்ணை அப்படியே வாட்ஸ்அப்பில் அவளுக்கு அனுப்பினார். மனசு கொஞ்சம் லேசான மாதிரி இருந்தது.

பதில் உடனே வந்தது.

"சார், அதத் தொறந்து பாக்க எனக்கு இப்ப அனுமதி இல்லையே. என்ன விஷயம்?"

'அம்மா' என்று தட்டினார். அழித்தார்.

'வேலை கிடைச்சுதா' என்று தட்டினார்.

அழிக்கவில்லை. அனுப்பவுமில்லை.