ஐந்தாவது குண்டு

மறுபடியும் குறுக்குக்கோடு இரண்டாகத் தெரிந்தது.

அவன் தலையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தான். துப்பாக்கி ஸ்கோப்பின் கண்ணாடியை. காலையிலிருந்து இதே வேலை.

கிரவல் தோண்டியெடுத்த, பனி மூடிய கிடங்கு. நூறு மீட்டர் தள்ளி, மாம்பழ அட்டைப்பெட்டியின் மூடியில் ஒரு வெள்ளைத் தாள், அதன் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. மாம்பழத்தைக் கோடையிலேயே தின்று முடித்தாயிற்று. பெட்டிகள் சூடு வாங்குவதற்கென்று மிஞ்சியிருந்தன.

ஸ்கோப்பைச் சோதிக்க ஒரு வழி உண்டு. எப்போதும் அதே புள்ளியைத்தான் குறிவைக்கவேண்டும். ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் ஸ்கோப்பின் குமிழை ஒரே அளவாகத் திருப்பவேண்டும். வலம், மேல், இடம், கீழ். நாலு குண்டும் ஒரு சதுரத்தின் நாலு மூலையில் விழும். ஐந்தாவது, முதல் குண்டு போட்ட துளையிலேயே போய் விழவேண்டும். விழுந்தால் ஸ்கோப் யோக்கியம். விழாவிட்டால் கழற்றி எறியலாம்.

அவன் ஐந்தும் சுட்டுவிட்டுப் போய்ப் பார்த்தான்.

சதுரம் இல்லை. மிளகாய் விதையை உதறிவிட்டதுபோல ஐந்து துளைகள்.

சந்தோஷப்படவேண்டிய விஷயம். கொஞ்சம் சந்தோஷப்பட்டான்.

இந்த ஸ்கோப்போடு மாரடித்து அலுத்துவிட்டது. திருகாணிகளை மாற்றினான். பிடிவளையங்களை மாற்றினான். வேறு தோட்டா வாங்கினான். செய்த கம்பனிக்கே அனுப்பினான். பிழை ஏதும் இல்லை என்று ஒற்றை வரியோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். கம்பனிக்காரன் வேறென்ன சொல்லுவான்.

போன சனிக்கிழமை ஒரு மான்.

முந்நூறு மீட்டர். அவனுக்குப் பழகிய தூரம். மான் அசையாமல்தான் நின்றது. ஆனால் விழவில்லை. பின்னங்காலை இழுத்துக்கொண்டு மரங்களுக்குள் போனது. பனியில் இரத்தம் தெரிந்தவரைக்கும் தேடினார்கள், அவனும் மனைவியின் தம்பி குகனும். பிறகு புதுப்பனி கொட்டி இரத்தத்தையும் மூடிவிட்டது.

வெட்கமாக இருந்தது. இன்னும் இருக்கிறது. எங்கே கிடந்து செத்திருக்கும் என்று லொறி ஓட்டும்போதெல்லாம் நினைவு வந்தது.

எட்மன்டனிலிருந்து வன்கூவர், மலைகளைத் தாண்டி, பெரிய லொறி. கனடாவுக்கு வந்த நாளிலிருந்து அதுதான் அவன் பிழைப்பு. எதிரே வரும் விளக்குகள் கொஞ்சக் காலமாகப் பூவாக விரிகின்றன. இரவு ஓட்டங்களைத் தட்டிக்கழித்துவந்தான். வேலையிடத்தில் முதுகுவலி என்று சொல்லியிருக்கிறான். வீட்டில் அதுவும் சொல்லவில்லை. அடுத்த மாதம் லைசன்சுக்காக மருத்துவச் சோதனை. அதில் கண் சோதிக்கும் எழுத்துப் பலகை ஒன்றும் மாட்டியிருப்பார்கள்.

ஆகவே, பிழை ஸ்கோப்பில்தான் இருக்கவேண்டும்.

"நான் ஒருக்காச் சுட்டுப் பாக்கட்டே, அத்தான்?"

குகன் கேட்டான். இன்றைக்கும் கூட வந்திருந்தான். வந்ததிலிருந்து பிளாஸ்க் மூடியில் தேநீரை ஊற்றி ஊற்றிக் குடித்தானே தவிர, வாய் திறந்தது இதுதான் முதல்தரம்.

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினான். அகப்படவில்லை. எழுந்து இடம் விட்டான்.

குகன் புதுத் தாளோடு புது மூடி ஒன்றை நிறுத்திவிட்டு வந்து படுத்தான். துப்பாக்கி மணல்மூட்டையின் மேல் அசையாமல் கிடந்தது.

முதல் குண்டு.

குமிழ் திரும்பும் சத்தம். அடுத்த குண்டு.

அவன் தாளின் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தாலும் தெரியப்போவதில்லை. குகனின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிள்ளையாரே, கடைசிக் குண்டு பிசகவேண்டும் என்று கேட்டான். எந்த வேட்டைக்காரனும் கேட்காத வரம்.

ஐந்தாவதும் போனது.

குகன் துப்பாக்கியின் தோட்டா அறையைத் திறந்து வைத்துவிட்டு நடந்து போனான். தாளுக்கு முன்னால் நின்றான். ஒரு தாளைப் பார்க்க அவ்வளவு நேரம் தேவையில்லை. பிறகு அதைக் கிழித்தெடுத்து, மடித்து, ஜாக்கெட்டுக்குள் வைத்தான்.

திரும்பி வந்தவன் பூட்ஸில் ஒட்டிய பனியைத்தான் பார்த்தான்.

"ஸ்கோப்பிலதான் பிழை, அத்தான். இதை எறிஞ்சுபோட்டுப் புதுசொண்டு வாங்குவம்."

நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. அப்போதே சொன்னேனே என்று சொல்ல வாயெடுத்தான். குகன் அதற்குள் துப்பாக்கியை உறையில் போடத் திரும்பிவிட்டான்.

மூடிகளை எடுத்துவர அவன் போனான். குப்பையை விட்டுவிட்டுப் போகிற பழக்கம் இருவருக்கும் இல்லை.

குகன் சுட்ட மூடியில் தாள்தான் போயிருந்தது. மூடி நின்றது. தாளைத் துளைத்ததெல்லாம் அதையும் துளைத்திருந்தது.

கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். பிறகு கையுறையைக் கழற்றி விரலால் தடவினான்.

கீழே ஒரு துளை. அதற்கு வலப்பக்கம் ஒன்று. அதற்கு மேலே ஒன்று. அங்கிருந்து இடப்பக்கம் ஒன்று.

மறுபடியும் தடவினான்.

நாலுதான்.

கீழே இருந்த முதல் துளை மட்டும் சற்று அகலமாக இருந்தது. விரல் அதில் தங்கிவிட்டது.

குகன் ஐந்து தரம் சுட்டான். அதைக் காதால் கேட்டிருந்தான். காதில் ஒரு பிழையும் இல்லை.

விரல் குளிரில் மரத்துப்போகும்வரை அங்கேயே நின்றான். அலுப்பாக இருந்தது. இனிமேல் எதையும் கழற்றிப் பார்க்கத் தேவையில்லை என்பதும் நினைவுக்கு வந்தது.

மூடிகளை மடித்துப் பிக்கப்பின் பின்னால் போட்டான். குகன் வழக்கம்போல ஓட்டுபவனுக்குப் பக்கத்து இருக்கையின் கதவில் கைவைத்து, அவன் ஏறட்டும் என்று காத்திருந்தான்.

அவன் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கமே வந்தான். ஜாக்கெட்டுப் பையிலிருந்து வண்டித் திறப்பை எடுத்து நீட்டினான்.

குகன் அதை வாங்கிக்கொண்டு ஸ்டியரிங் பக்கம் நடந்தான்.