காற்றில் செய்த டீசல்

"பத்தாயிரம் கிலோமீட்டர்ப்பா! காத்தையும் தண்ணியையும் வச்சு எங்க ஆலையில செஞ்ச டீசல்லயே பஸ் ஓடி முடிச்சிடுச்சு!" செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்தினாள், வேதியியல் பொறியாளரான மகள்.

டேங்கர் லாரி ஓட்டும் அப்பா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"இனிமே பூமியைத் தோண்டி எண்ணெய் எடுக்க வேண்டியதில்ல. உங்க லாரி பழைய இரும்புக்குத்தான்!"

"சரிம்மா. உன்கிட்ட கையெழுத்து ஏதாவது கேட்டாங்களா?"

"சோதனைச் சான்றிதழ்ல என் கையெழுத்துதான். மத்தியானமே போட்டுட்டேன்."

அப்பாவின் கை தட்டிலேயே நின்றது. "அவசரப்பட்டுட்டியேம்மா."

அவளுக்குச் சுருக்கென்றது. பெற்ற மகள் ஜெயித்தால்கூடவா பொறுக்காது?

"உங்க வேலை போயிடும்னு வயித்தெரிச்சலாப்பா?"

"அந்த பஸ்ஸுக்குன்னு டிப்போவுல ஆறு மாசமா சாதா டீசலை இறக்குறதே நான்தாம்மா. நீங்க செய்யறது ஒரு நாளைக்குக்கூடப் பத்தலன்னு உங்க மேனேஜர்தான் வரச் சொன்னாரு."

அவள் நாற்காலியை இழுத்து அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"ஆறு மாசமா தெரிஞ்சும் ஏம்ப்பா சொல்லல?"

"தினமும் சிரிச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்தியேம்மா. எந்த நாள்ல சொல்றது?"