நாட்டாமைக்கு வந்த மறதி

ஒரு கணினிக்குள் ஏகப்பட்ட மின்நூல்கள் குடியிருந்தன. எந்த நூல் எங்கே இருக்கிறது என்று சொல்லும் பட்டியல்தான் அங்கே நாட்டாமை. ஒருநாள் கரண்ட் பட்டென்று போனதில் பட்டியல் சிதைந்து, தன் பெயரே மறந்து கிடந்தது.

"இதுக்கா இத்தனை அதிகாரம்" என்று முகம் சுளித்தது சமையல் நூல். ஆனாலும் மற்ற நூல்களைக் கூட்டிவந்து, அவற்றின் பெயரையும் இடத்தையும் சொல்லவைத்து, பட்டியலைச் சரியாக்கியது. அந்த அலைச்சலில் தன் பெயரைச் சொல்ல விட்டுப்போயிற்று.

எழுந்து உட்கார்ந்ததும் பட்டியலுக்குப் பழைய மிடுக்கு திரும்பிவிட்டது. சமையல் நூலை ஏற இறங்கப் பார்த்தது.

"யாருய்யா நீ? உன் பேரு என்கிட்ட இல்லையே. அப்படின்னா நீ இங்க இல்லேன்னு அர்த்தம்."

"கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி உன்கிட்ட ஒருத்தர் பேரும் இல்ல" என்றது சமையல் நூல். "ஆனா, காணாமப் போனது நீ மட்டுந்தான்."